உப்பில்லாக் கருவாட்டு நாடு

நார்வேயின் இ10 நெடுஞ்சாலை ஸ்வீடனின் பால்டிக் கரைப் பக்கம் தொடங்கி, மலைகளைத் தாண்டி வந்து, அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் லோஃபோட்டன் தீவுகளின் கடைசி ஊரில் முடிகிறது. அந்த ஊரின் பெயர் ஓ. நார்வேக்குள் வரும் பகுதிக்கு மன்னர் ஐந்தாம் ஓலாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஈவெனெஸ் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்தால் ஓ வரை ஏறக்குறைய 300 கி.மீ. ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடலாம். நானும் தம்பியும் மீன் இறங்கும் துறைகளில் எல்லாம் நின்று நின்று போனோம். நாங்கள் பார்க்கப் போனதே மீனைத்தான்.

தம்பி ஆஸ்லோவில் வேலை பார்க்கிறான். பனிச்சாலையில் ஓட்டிப் பழகியவன், அந்த ஊர்ப் பேச்சும் தெரிந்தவன். குளிர்காலத்தில் இங்கே டயரில் இரும்பு முளைகள் பதித்த கார்களைத்தான் கொடுக்கிறார்கள். மார்ச் மாதக் கடைசி. ஈரமான பனிக்கட்டியின் மேல் அந்த முளைகள் கரகரவென்று உராயும் சத்தம் வழி நெடுகக் கூடவே வந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரிலிருந்தே நேராக எழும் கரும்பாறை மலை. நடுவில் கிடைத்த ஒடுங்கிய விளிம்பில் சாலை போகிறது. விளிம்பும் இல்லாத இடத்தில் சுரங்கம், தீவு முடிந்த இடத்தில் பாலம்.

இந்த இடம் 68 டிகிரி வட அட்சரேகையில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கிறது. இதே அட்சரேகையில் சைபீரியாவும் வட கனடாவும் மார்ச் மாதத்தில் உறைந்து கிடக்கும். இங்கே கடல் உறைவதில்லை. தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டியே வடக்கே போகிறது. அதனால் குளிர்காலத்தின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கிறது. லோஃபோட்டன் மக்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் சாப்பிட்டு வாழ்வது இந்தப் பூஜ்யத்தை வைத்துத்தான்.

மீனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காட் மீனில் ஒரு வகை வடகிழக்கே பாரண்ட்ஸ் கடலில் வளர்கிறது. ஆறேழு வயதில் பருவத்துக்கு வந்ததும் ஆயிரம் கிலோமீட்டர் வரை நீந்தி, முட்டையிட லோஃபோட்டனுக்கு வருகிறது. அப்படி வரும் மீனை இங்கே ஸ்க்ரை என்கிறார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள வெஸ்ட் ஃபியோர்டில் கூட்டம் கூட்டமாக நிற்கும். மேலே குளிர்ந்த நீர், கீழே சற்று வெப்பமான நீர். இரண்டும் சந்திக்கும் 4 முதல் 6 டிகிரி வரையான படலம்தான் அதற்கு ஏற்ற இடம். முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்து மறுபடி வடக்கே போய்விடும். மீன் தானாகவே கரைக்குப் பக்கத்தில், சிறு படகு எட்டும் தூரத்தில் வந்து நிற்கிறது. இந்த ஒரு காரணத்தால்தான், மரம்கூட அதிகம் முளைக்காத இந்தப் பாறைகளில் மனிதர்கள் ஊர் அமைத்தார்கள்.

ராஃப்ட்சுண்ட் நீரிணையின் மேல் 1998இல் கட்டிய பாலம் உயரமாக வளைந்து நிற்கிறது. இந்தப் பாலத்தின் வழியே போகும் சாலை 2007இல் திறக்கப்பட்ட பிறகுதான் பெருநிலத்திலிருந்து படகில் காரை ஏற்றாமலே லோஃபோட்டனுக்கு வர முடிகிறது. அந்த நீரிணையிலிருந்து கிளை பிரிகிறது ட்ரோல் ஃபியோர்ட். சாலையிலிருந்து அது தெரியாது. ஸ்வோல்வேர் ஊரிலிருந்து படகில்தான் போக வேண்டும். இரண்டு கி.மீ. நீளம், வாய் நூறு மீட்டர் அகலம் இருக்கும். படகு உள்ளே நுழைந்ததும் வானம் ஒரு பட்டையாகச் சுருங்கிவிட்டது. எல்லோரும் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வாசலைப் பார்த்தபோதுதான் உடம்பு சிலிர்த்தது.

1890ஆம் ஆண்டு மார்ச்சில் இந்த ஃபியோர்டுக்குள் ஸ்க்ரை கூட்டம் புகுந்தது. நீராவிக் கப்பல் வைத்திருந்த முதலாளிகள் வாயில் வலையைக் கட்டி அடைத்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் மீன் எல்லாம் தங்களுக்கே என்றார்கள். வெளியே துடுப்புப் படகுகளில் நூற்றுக்கணக்கான ஏழை மீனவர்கள். கடல் எல்லோருக்கும் பொது என்று அவர்கள் துடுப்பையும் கொக்கியையும் ஏந்தி வலையை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். இதை ட்ரோல் ஃபியோர்ட் போர் என்றே வரலாற்றில் எழுதுகிறார்கள். ஸ்வோல்வேரில் பிறந்த ஓவியர் குன்னார் பெர்க் அதைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். யோஹான் போயர் 1921இல் எழுதிய ‘கடைசி வைக்கிங்’ நாவலிலும் அந்தச் சண்டை வருகிறது. சண்டை முடிந்து சில ஆண்டுகளுக்குள் லோஃபோட்டனில் அந்த வகை வலை சட்டப்படி தடை செய்யப்பட்டது. 1897இல் வந்த சட்டம், எந்த இடத்தில் எந்தக் கருவியால் பிடிக்கலாம் என்பதை மீனவர்களே கூடி முடிவு செய்யும் உரிமையைத் தந்தது. தூண்டிலுக்கு ஒரு பரப்பு, ஆயிரங்கால் தூண்டிலுக்கு ஒரு பரப்பு, செவுள் வலைக்கு ஒரு பரப்பு என்று கடலைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

காபெல்வோக்கில் ஒரு மரத் தேவாலயம் இருக்கிறது. 1898இல் கட்டியது, 1,200 பேர் உட்காரலாம். சிறிய ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய கோயில் என்று தோன்றும். அந்தக் காலத்தில் மீன் பருவத்தில் லோஃபோட்டனுக்கு 30,000 பேர் வரை வந்து இறங்குவார்கள். திறந்த படகுகளில், பாயும் துடுப்பும் மட்டும் நம்பி, வட நார்வே முழுவதிலிருந்தும் வந்தார்கள். 1849 பிப்ரவரி 11ஆம் தேதி வந்த ஒரே புயலில் நூற்றுக்கணக்கான பேர் இறந்துபோனார்கள். கடலுக்குப் போன கரை எதுவானாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். கன்னியாகுமரிக்கு ஓகிப் புயல் வந்த 2017 நினைவுக்கு வராமல் அந்த பெஞ்சுகளில் உட்கார முடியவில்லை. இதே ஊர்ப்புறத்தில்தான் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் ஐஸ்டெயின், வெளியூர் மீனவர்கள் தங்கக் குடில்கள் கட்டிக் கொடுத்தார். அதற்கு முன் கவிழ்த்த படகுக்கு அடியில் படுத்து உறங்கினார்களாம். ரோர்பூ எனப்படும் அந்தக் குடில்கள்தான் இன்று எல்லாப் புகைப்படங்களிலும் வரும் சிவப்பு மர வீடுகள். பாதி நிலத்திலும் பாதி நீரில் ஊன்றிய கால்களிலும் நிற்கும்.

ஹென்னிங்ஸ்வேர் எங்களை அதிக நேரம் பிடித்து வைத்தது. சிறு தீவுகளின் மேல் கட்டிய ஊர். அங்கே உள்ள கால்பந்து மைதானத்தை மேலிருந்து எடுத்த படத்தை உலகம் முழுக்கப் பகிர்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் வாசம் இல்லை. மைதானத்தைச் சுற்றி ஹ்யெல் எனும் மரச்சட்டப் பந்தல்கள், அவற்றில் தலை வெட்டிய மீன்கள், இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிட்டவை. ஆயிரக்கணக்கில். காற்று வீசும்போது ஒன்றோடொன்று மோதி மரக்கட்டை போல் ஒலிக்கின்றன. கார்க் கதவைத் திறந்ததும் வந்த வாசத்தில் தம்பி, “அண்ணே, நாகப்பட்டினம் மாதிரி இருக்கு” என்றான். எனக்கு அது அப்படிப்படவில்லை. நம் கருவாட்டு வாசத்தில் உப்பும் வெயிலும் சேர்ந்திருக்கும். இதில் குளிர்ந்த கடல் மட்டும் இருந்தது.

ஏனென்றால் இந்தக் கருவாட்டுக்கு உப்பே கிடையாது. பிப்ரவரியில் பந்தலில் ஏற்றினால் மே வரை காற்றே காயவைக்கிறது. குளிர் மிகுந்தால் மீன் உறைந்து சதை வெடித்துக் கெட்டுவிடும். வெப்பம் மிகுந்தால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். பூஜ்யத்தை ஒட்டி, சற்று மேலே, சற்றுக் கீழே என்று மூன்று மாதம் அசையும் வெப்பநிலை வேண்டும், கூடவே கடற்காற்றும் வேண்டும். உலகில் இந்தப் பொருத்தம் இவ்வளவு சரியாக அமைந்த கரை வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. மீன் தன் நீரில் பெரும்பகுதியை இழந்து ஐந்தில் ஒரு பங்கு எடையாகிவிடும். பிறகு ஆண்டுக்கணக்கில் கெடாது. வைக்கிங்குகள் நெடுங்கடல் ஓடியதற்கு இந்தக் கட்டுச்சோறு ஒரு காரணம்.

மீன் இறங்கும் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நின்று மீன்தலைகளில் நாக்கை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் நிமிர்ந்து நிற்கும் ஆணியில் தலையைக் குத்துவது, கத்தியால் ஒரே வீச்சு, நாக்கு வாளியில். தலை அந்தப் பக்கம். நாக்கு அறுக்கும் வேலை இங்கே வழிவழியாகப் பிள்ளைகளுக்கே உரியது. நாக்கு விற்ற பணமும் அவர்களுக்கே. பள்ளி விட்டதும் ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு ஓடி வருகிறார்கள். ஒரு சிறுமியிடம் தம்பி, இந்தப் பணத்தை என்ன செய்வாய் என்று கேட்டான். “படகு வாங்குவேன்” என்று நிமிராமலே சொன்னாள், கை நிற்கவில்லை.

அந்தத் தலைகளையும் கோத்துக் காயப் போடுகிறார்கள். அவை நைஜீரியாவுக்குப் போகின்றன. அங்கே குழம்புக்கு அது இல்லாமல் ருசி இல்லை. அங்கே 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரின்போது, குளிர்பெட்டி தேவைப்படாத புரதம் என்று உதவிப் பொருளாக இந்த மீன் ஏராளமாக அனுப்பப்பட்டது. அந்தப் பசிக்காலத்தில் இதன் ருசி அங்கே இன்னும் ஆழமாக வேரூன்றியது. உயர்ந்த தரம் போவது இத்தாலிக்கு. தரம் பிரிக்கும் கிடங்கில் ஒருவர் ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, முகர்ந்து, ஏறத்தாழ இருபது தரங்களில் ஒன்றில் போடுவார். பல தரங்களுக்குப் பெயரே இத்தாலிய மொழியில்தான். அதற்கும் ஒரு கப்பல் கதை உண்டு. 1431இல் கிரீட் தீவிலிருந்து புறப்பட்ட வெனிஸ் நகரத்துப் பியெத்ரோ குவெரினியின் கப்பல் புயலில் சிக்கிச் சிதைந்தது. தப்பியவர்கள் சிறு படகில் மிதந்து 1432 ஜனவரியில் லோஃபோட்டனின் தென்கோடியிலுள்ள ரோஸ்ட் தீவுகளில் ஒதுங்கினார்கள். மீனவக் குடும்பங்கள் அவர்களை வீட்டுக்கு அழைத்துப்போய்க் குளிர்காலம் முடியும்வரை வைத்துக் காப்பாற்றின. ஊர் திரும்பும்போது அவர்கள் கொண்டுபோனது இந்த உலர்ந்த காட். வடகிழக்கு இத்தாலியின் வீச்சென்சாவில் அது இன்று பெருமைக்குரிய உணவு.

இவ்வளவு மீன் இருந்தும் நெடுங்காலம் மீனவன் கையில் காசு இல்லை. ஊரும் துறையும் குடிலும் கடையும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். குடிலில் தங்குபவன் மீனை அவருக்கே போட வேண்டும், அவர் சொன்ன விலைக்கு. நூஸ்ஃபியோரிலும் ரெய்னேயிலும் ஓவிலும் முதலாளியின் வெள்ளை வீடு சிவப்புக் குடில்களுக்கு நடுவே இன்றும் தனியாகத் தெரிகிறது. 1938இல் இது மாறியது. மீனின் முதல் விற்பனை மீனவர்களின் சொந்தச் சங்கம் வழியாகவே நடக்க வேண்டும், குறைந்தபட்ச விலையைச் சங்கமே நிர்ணயிக்கும் என்று நார்வே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்த ஏற்பாடு இன்றும் நடப்பில் இருக்கிறது. மீன்பிடிப் படகு வாங்கக்கூட, மீன் பிடிப்பவனாக இருக்க வேண்டும் என்பது அங்கே பொது விதி. நம் கரைகளில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு அவர் சொன்ன விலைக்கே மீனைப் போடும் நிலை இன்னும் பல துறைகளில் உண்டு. இந்த ஒரு சட்டத்தை மீனவச் சங்கங்கள் எடுத்துப் படிக்க வேண்டும்.

நார்வேக்கும் நம் பக்கத்துக் கடலுக்கும் நேரடித் தொடர்பே இருக்கிறது. 1952இல் ஐக்கிய நாடுகள் சபை, நார்வே, இந்தியா மூன்றும் செய்த ஒப்பந்தத்தின்படி கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் மீன்வளத் திட்டம் ஒன்று தொடங்கியது. விசைப்படகும் பனிக்கட்டி ஆலையும் வந்தன. பின்னர் இறால் ஏற்றுமதி சூடு பிடிக்க, இழுவைப் படகுகள் பெருகின. கட்டுமரக்காரர்களும் வள்ளக்காரர்களும் ஆண்டுக்கணக்கில் போராடித்தான் 1988இல் கேரளத்தில் மழைக்கால இழுவைத் தடை வந்தது. நார்வே தன் சொந்தக் கரையில் 1930களிலேயே இழுவைக் கப்பல்களைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியிருந்தது. எந்திரம் கப்பலேறி வந்தபோது அந்தச் சட்டமும் கூடவே வந்திருக்க வேண்டும். வராதது நமக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

நடுத்தீவான வெஸ்ட்வோகோயில் மலைகள் விலகி வயல்வெளி வருகிறது. போர்க் என்ற இடத்தில் 1981இல் நிலத்தை உழுத ஒரு விவசாயியின் கலப்பையில் பழம்பொருள்கள் தட்டுப்பட, தோண்டிப் பார்த்ததில் 83 மீட்டர் நீள வைக்கிங் மாளிகையின் அடித்தளம் கிடைத்தது. அதே அளவில் மறுபடி கட்டி அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். ஹவுக்லாண்ட் கடற்கரையில் வெண்மணல், பச்சை நீர், பனி போர்த்திய மலை. அழகுதான். நிறைய எழுதிவிட்டார்கள், நான் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

1990இல் திறந்த கடலடிச் சுரங்கத்தில் இறங்கி ஏறினால் ஃப்ளாக்ஸ்டாடோய் தீவு. நூஸ்ஃபியோருக்குப் பிரியும் குறுஞ்சாலை இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவே ஓர் ஏரியை ஒட்டிப் போகிறது. பிறகு கடைசிப் பெருந்தீவு மோஸ்கெனெசோய். ஹாம்னோய் பாலத்தைத் தாண்டி ரெய்னே கண்ணில் பட்டபோது தம்பி தானாகவே வேகத்தைக் குறைத்தான். விரிகுடா ஒன்று, அதைச் சுற்றிக் கோபுரங்களாக எழும் சிகரங்கள், நீரோரம் குடில்கள், கரையில் மீன் பந்தல்கள். மாலை வெளிச்சம் பனிச்சரிவில் செம்மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. இதைவிட அழகான ஒரு மீனவ ஊரை நான் பார்த்ததில்லை. பந்தல்களை மட்டும் எடுத்துவிட்டால் அந்த அழகில் பாதி போய்விடும் என்பதையும் அங்கேதான் உணர்ந்தேன்.

அந்த ஊருக்கு வேறொரு நெருக்கடி வந்திருக்கிறது. சில நூறு பேர் வாழும் இடத்துக்குக் கோடையில் வண்டி வண்டியாகக் கூட்டம். குடில்களில் பெரும்பாலும் இப்போது பயணிகள்தான். ரெய்னேபிரிங்கன் மலையில் ஏறுபவர்களின் கால் பட்டு மண் சரிந்ததால், நேபாளத்து ஷெர்ப்பாக்களை வரவழைத்து ஏறக்குறைய 2,000 கற்படிகள் அமைத்திருக்கிறார்கள். நாங்கள் தங்கிய குடிலைக் கவனித்துக்கொண்ட அம்மா, பையன்களுக்கு ஊரில் வீடு கிடைக்கவில்லை, விலை எட்டவில்லை என்று வருத்தப்பட்டார். இரவு அவர் சமைத்த மோல்யே சாப்பிட்டோம். அவித்த ஸ்க்ரை, அதன் ஈரல், அதன் சினை, உருளைக்கிழங்கு. மசாலா என்று எதுவும் இல்லை. அன்று காலையில் கடலில் நீந்திய மீனுக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஓவில் சாலை ஒரு சிறு சுரங்கத்தைக் கடந்து கார் நிறுத்தும் இடத்தில் முடிந்தது. வீட்டு ஜன்னல் விளிம்புகளில்கூடக் கடற்பறவைகள் கூடு வைத்திருக்கின்றன. ஊரின் பெரும்பகுதி மீனவர் அருங்காட்சியகம், ஈரல் எண்ணெய் காய்ச்சிய கொட்டகை உட்பட. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுத்த காட் லிவர் ஆயில் இந்த மீனின் ஈரல் எண்ணெய்தான். அதற்கு அப்பால் நடந்துபோனால் மோஸ்க் நீரோட்டம் சுழித்து ஓடும் கடல். எட்கர் ஆலன் போவும் ஜூல் வெர்னும் கதைகளில் எழுதிய பெருஞ்சுழல் இது.

இந்தக் கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கலாம் என்று நெடுநாளாகப் பேச்சு. எண்ணெயால் செல்வம் கண்ட நாடு நார்வே. ஆனாலும் லோஃபோட்டன் கடலில் எண்ணெய் எடுக்க இதுவரை விடவில்லை. மீனவர்களும் இளைஞர்களும் விடாமல் எதிர்த்தார்கள். 2019இல் தொழிற்கட்சியும் தன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டது. இது சரியான முடிவு. மீன் முட்டையிடும் அறைக்குள் குழாய் இறக்கக்கூடாது.

மீன் இப்போது குறைந்து வருவது உண்மை. பாரண்ட்ஸ் கடலின் காட் அளவை நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து ஆண்டுதோறும் முடிவு செய்கின்றன. 2013இல் 10 லட்சம் டன் அனுமதித்தார்கள். 2025க்கு 3,40,000 டன்தான். 1991க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. துறைகளில் பேசியவர்கள் எல்லோரும் கவலையோடுதான் பேசினார்கள். ஆனால் ஒதுக்கீடே கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. 1989 ஏப்ரலில் மீன்வளம் சரிந்து கரையோர காட் பிடிப்பைப் பாதியில் நிறுத்திய ஆண்டை மூத்தவர்கள் மறக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையின் நள்ளிரவுச் சூரியனை விட்டுவிட்டு மார்ச்சில் போங்கள். அப்போதுதான் பந்தல்கள் நிறைந்திருக்கும், படகுகள் ஓடும். ரெய்னேபிரிங்கனில் அந்த மாதத்தில் ஏறாதீர்கள், பனிச்சரிவு அபாயம் உண்டு. பாலத்தின் நடுவில் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், அந்தச் சாலையில்தான் மீன் லாரிகளும் ஆம்புலன்சும் போகின்றன. மாலையில் ஏதாவது ஒரு துறையில், படகு வந்து மீன் இறங்கும்வரை நில்லுங்கள். ஏப்ரல் நடுவில் ஸ்க்ரை வடக்கே திரும்பத் தொடங்கிவிடும். அதற்குள் போய்ச் சேருங்கள்.